மலைநாட்டு இளைஞரும் தூதுவராலயத் தொழிற்பயிற்சியும்

தூது என்னும் தொழில் தமிழருக்குப் புதியதன்று. திருவள்ளுவர் பொருட்பாலில் 69ஆம் அதிகாரம் முழுவதையும் தூதுக்கே ஒதுக்கியுள்ளார். அதியமான் பொருட்டு ஒளவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அன்று தூதுவர் என்பார் தனி ஒருவர். அரசனின் சொல்லைச் சுமந்து சென்று, மறுமொழியுடன் மீள்வார். இன்றோ தூது என்பது பெருங்கட்டடமும் பல பிரிவுகளும் பலதரப்பட்ட உத்தியோகத்தரும் கொண்ட ஒரு நிலையான ஸ்தாபனமாகிவிட்டது. அத்தகைய ஸ்தாபனங்களில் இளைஞர் தொழில் அநுபவம் பெறுவது எங்ஙனம், குறிப்பாக ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலை, பொகவந்தலாவை முதலிய தேயிலைத் தோட்டப் பகுதிகளில் பிறந்த பிள்ளைகளுக்கு அங்கே இடமுண்டா என்பவற்றை இப்பேச்சில் ஆராய்வோம்.

முதலில் தூதுவராலயம் செய்யும் பணி யாதெனத் தெளிதல் வேண்டும். 1961ஆம் ஆண்டு வியன்னா நகரில் நிறைவேறி, 1964ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இராஜதந்திர உறவுகள் பற்றிய உடன்படிக்கை இதனை வரையறுத்துள்ளது. தன் நாட்டைப் பிரதிநிதித்துவம் செய்தல், தன் நாட்டினதும் நாட்டவரதும் நலன்களைக் காத்தல், அயல் அரசுடன் பேச்சுவார்த்தை நடத்துதல், அந்நாட்டின் நிலைமைகளைச் சட்டத்துக்கு அமைந்த வழிகளில் அறிந்து தன் அரசுக்கு அறிவித்தல், நட்புறவையும் பொருளாதார, கலாசார, விஞ்ஞானத் தொடர்புகளையும் வளர்த்தல் என்பன அங்கே கூறப்பட்ட கடமைகள். 1963ஆம் ஆண்டில் எழுந்த மற்றோர் உடன்படிக்கை, கடவுச்சீட்டு வழங்குதல், விசா அளித்தல், பத்திரங்களை உறுதிப்படுத்தல், அல்லலுற்ற தன் நாட்டவருக்கு உதவுதல் ஆகிய கொன்சியூலர் பணிகளை விவரிக்கின்றது. பொதுநலவாய நாடுகள் தமக்குள் அனுப்பும் தூதுக்குழுவுக்கு உயர்ஸ்தானிகராலயம் என்று பெயர். பெயர் வேறுபடினும் பணி ஒன்றே.

மேற்கூறிய 1961ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 8ஆம் உறுப்புரை நம் பொருளுக்கு இன்றியமையாதது. தூதுக்குழுவின் இராஜதந்திர உத்தியோகத்தர், அவர்களை அனுப்பும் நாட்டின் பிரஜைகளாகவே இருத்தல் கொள்கையளவில் வேண்டும் என்பது அதன் கருத்து. எனவே ஒவ்வொரு தூதுவராலயத்திலும் இருவகைப்பட்டோர் பணிபுரிகின்றனர். ஒரு வகையினர் சொந்த நாட்டிலிருந்து அனுப்பப்பட்டு, சில ஆண்டுகளில் மாறிச் செல்பவர். மற்றையோர் தூதுவராலயம் அமைந்த நாட்டிலேயே சேர்த்துக்கொள்ளப்பட்டு, பல காலம் அங்கேயே நிலைத்திருப்பவர். மொழிபெயர்ப்பு, பத்திரிகைச் செய்திகளைத் தொகுத்தல், விசாப் பிரிவு, வர்த்தகப் பிரிவு, கல்வி கலாசாரப் பிரிவு, அபிவிருத்தித் திட்டங்களின் மேற்பார்வை முதலிய வேலைகளைப் பெரும்பாலும் இரண்டாம் வகையினரே தாங்குகின்றனர். ஊரின் மொழியும் வழக்கும் அறிந்தவர் இன்றி எந்தத் தூதுவராலயமும் ஒரு நாளும் இயங்க இயலாது.

மலைநாட்டு மக்களைப்போல் தூதுவராலயத்தின் வாசலை நன்கறிந்த மக்கள் இலங்கையில் வேறெவருமிலர். 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டத்தைத் தொடர்ந்து, தோட்டத் தொழிலாளரின் நிலையைக் கவனிக்கும் பொருட்டு, இந்திய அரசாங்கத்தின் ஏஜண்டு ஒருவர் 1923ஆம் ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். அவருடைய கந்தோர் தலைநகராகிய கொழும்பில் அன்றி, தோட்டங்களுக்கு அண்மையில் கண்டியிலே அமைந்தது. தோட்டங்களைச் சென்று பார்வையிடுதல், வேதனம், வைத்தியம், குடியிருப்பு ஆகியவற்றைப் பற்றி அறிக்கை எழுதுதல், முறைப்பாடுகளை விசாரித்தல் என்பன அவர் பணி. 1929ஆம் ஆண்டளவில் அப்பதவிக்கு வந்தவர் கே. பி. எஸ். மேனன் என்னும் இளம் சிவில் உத்தியோகத்தர். அவரே பின்னாளில், 1948ஆம் ஆண்டில், சுதந்திர இந்தியாவின் முதலாவது வெளிநாட்டுச் செயலாளரானார். 1952 முதல் 1961 வரை சோவியத் நாட்டில் தூதுவராகவும் விளங்கினார். இலங்கைக்கு வந்த இந்தியாவின் முதலாவது உயர்ஸ்தானிகர் வி. வி. கிரி, தொழிற்சங்கத் தலைவராய் வளர்ந்து, 1969ஆம் ஆண்டில் இந்தியாவின் ஜனாதிபதியானவர். நம்முடைய லயங்களின் நிலையை எழுதி அறிவித்த அநுபவம், மேனனைப் போன்ற ஒரு பெரிய இராஜதந்திரிக்குத் தொழிற்பயிற்சியாக அமைந்தது என்று சொல்லலாம். அந்த லயங்களிலே பிறந்த பிள்ளைகளுக்கு அப்பயிற்சி நெடுங்காலம் கிட்டவில்லை.

கிட்டாமற் போனதற்குச் சட்டமே முதற் காரணம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்படி விண்ணப்பித்தவர்களிலும் சிறு பகுதியினரே பிரஜாவுரிமை பெற்றனர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், ஏறத்தாழ 9,75,000 பேரின் எதிர்காலத்தைப் பங்கிட்டது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிப்பதென்றும் முடிவாயிற்று. 1974ஆம் ஆண்டில் அவ்வெஞ்சியோரும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அம்மக்கள் எவரும் அந்த மேசையில் அமர்ந்திருக்கவில்லை.

ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்த 1967ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. அதன்பின் விண்ணப்பப் பத்திரங்கள் தோட்டங்களுக்கு வந்தன. எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்னும் கேள்வி ஒவ்வொரு லயத்திலும் எழுந்தது. அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்கும் எழுதிக் கொடுத்த குடும்பங்கள் உண்டு. ஆங்கிலத்தில் அமைந்த பத்திரங்களை வாசித்து விளங்கிக்கொள்ள இயலாதவர், தோட்டக் கந்தோர்க் கிளாக்கரையோ தொழிற்சங்கப் பிரதிநிதியையோ மனு எழுதுபவரையோ நாடினர். பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும், பிறந்த ஆண்டில் ஓர் இலக்கம் மாறினாலும், கந்தோருக்குக் கந்தோர் அலைய நேர்ந்தது. கண்டியில் கடவுச்சீட்டுப் பெற்றுத் தலைமன்னாருக்குக் கோச்சியிலும், அங்கிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலிலும் சென்றவர்கள் மண்டபம் முகாமில் இறங்கினர். நீலகிரியில் அத்தகையோருக்கு வேலை அளிக்கும் பொருட்டு 1968ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு தேயிலைத் தோட்டங்களை ஆரம்பித்தது. 1984ஆம் ஆண்டில் கப்பற் போக்குவரத்து நின்றது. பின்னர் 1986, 1988 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களும், இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்ற நிலையை நீக்கின.

இவ்வரலாற்றை இங்கே விரித்தமைக்குக் காரணம் உண்டு. அரசாங்க சேவைக்கும் வெளிநாட்டுச் சேவைக்கும் பிரஜாவுரிமையே முதற் தகுதி. அது இல்லாதவன் எத்துணைக் கெட்டிக்காரனாயினும் பரீட்சை மண்டபத்துக்குள் நுழைய முடியாது. ஆகவே மலைநாட்டு இளைஞர் இத்துறையிற் பின்தங்கியிருப்பது திறமைக் குறைவால் நேர்ந்ததன்று. சட்டம் அந்தக் கதவைத் திறந்து சில பதிற்றாண்டுகளே ஆகின்றன. கதவு திறந்திருப்பதை அறியாதவர் இன்னும் பலர்.

நேயர்களே, இனித் தொழில் அநுபவம் பெறும் வழிகளைப் பார்ப்போம். தொடக்கத்திலேயே ஓர் ஏமாற்றத்தைத் தவிர்த்துக்கொள்ளல் நலம். ஐக்கிய அமெரிக்காவின் இராஜாங்கத் திணைக்களம் உலகெங்குமுள்ள தன் தூதுவராலயங்களில் மாணவர் பயிற்சித் திட்டமொன்றை நடத்துகின்றது. இந்திய வெளிவிவகார அமைச்சும் அவ்வாறே பயிற்சியாளரைச் சேர்க்கின்றது. இவ்விரண்டும் அவ்வந் நாட்டின் பிரஜைகளுக்கே உரியவை. பெரும்பாலான நாடுகளின் வழக்கமும் இதுவே. அரசின் இரகசியப் பத்திரங்கள் உள்ள இடமாதலின் இக்கட்டுப்பாடு வியப்பன்று. இதனை அறியாமல் விண்ணப்பித்துவிட்டு, தமிழர் என்பதாலோ தோட்டத்துப் பிள்ளை என்பதாலோ தள்ளிவிட்டனர் என மனம் நொந்துகொள்வது வீண்.

நமக்குத் திறந்துள்ள முதல் வழி, கொழும்பிலுள்ள அயல்நாட்டுத் தூதுவராலயங்களில் உள்நாட்டவருக்கென விடப்படும் இடங்கள். இவை பெரும்பாலும் நிலையான பதவிகள்; சில வேளைகளில் குறுகியகால உதவியாளர் இடங்களும் உண்டு. விளம்பரம் அந்தந்தத் தூதுவராலயத்தின் இணையத்தளத்தில் வெளிவரும். பயிற்சிக்கென்று விளம்பரம் இல்லாதவிடத்தும், பல்கலைக்கழகப் பீடத்தின் கடிதத்துடன், கலாசாரப் பிரிவுக்கோ செய்திப் பிரிவுக்கோ குறிப்பாக எழுதிக் கேட்பதில் தவறில்லை. மறுமொழி வாராமலும் போகலாம். வந்தால் அது பெரும் பேறு. கண்டியிலே இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் இன்றும் இயங்குகின்றது. மலைநாட்டுக்கு மிக அண்மையிலுள்ள தூதுக் கந்தோர் அதுவே. அங்கு நடைபெறும் கலை, கல்வி நிகழ்ச்சிகளிற் பங்குகொள்வதும், அவற்றை ஒழுங்குசெய்வோருக்கு உதவுவதும் தொடர்பு ஏற்படுத்திக்கொள்ளத் தக்க வழிகள்.

இரண்டாவது வழி, நம் சொந்த நாட்டின் தூதுவராலயங்களில் பணிபுரிதல். அயல்நாடுகளில் இயங்கும் தூதுவராலயங்களில் தொழில் பயில விரும்பும் இலங்கைப் பிரஜைக்கு இதுவே நேரான பாதை. இலங்கை வெளிநாட்டுச் சேவைக்குப் பட்டதாரிகள் திறந்த போட்டிப் பரீட்சை மூலம் சேர்க்கப்படுகின்றனர். வயதெல்லை, பாடங்கள், இடங்களின் எண்ணிக்கை ஆகியவை அவ்வப்போது வர்த்தமானியில் வெளிவரும். இடங்கள் மிகச் சில. போட்டி மிகக் கடினம். ஆனால் பட்டம் பெறாதவருக்கும் ஒரு வழியுண்டு. உயர்தரப் பரீட்சையிற் சித்தியடைந்தோர் அரசாங்க முகாமைத்துவ உதவியாளர் சேவைக்கான பரீட்சைக்குத் தோற்றலாம். வெளிவிவகார அமைச்சில் அச்சேவையிலுள்ளோரிற் சிலர் வெளிநாட்டுத் தூதுவராலயங்களுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு அனுப்பப்படுவதுண்டு. கொழும்பில், பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டப வளவில், 1995ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பண்டாரநாயக்க சர்வதேச இராஜதந்திரப் பயிற்சி நிறுவகம் இயங்குகின்றது. வெளிநாட்டுச் சேவை உத்தியோகத்தருக்குப் பயிற்சியளிப்பதோடு, பொதுமக்களும் சேரக்கூடிய டிப்ளோமா வகுப்புகளையும் அது நடத்துகின்றது.

இவ்வழியை மலைநாட்டு இளைஞர் நாடவேண்டிய தேவை ஒன்றுண்டு. 1985ஆம் ஆண்டில் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைந்தது. மத்திய கிழக்கு நாடுகளில் வீட்டுப் பணிக்குச் செல்லும் இலங்கைப் பெண்களுள் தோட்டப் பெண்களும் பலர். குவைத்திலோ ரியாத்திலோ சம்பளம் மறுக்கப்பட்டோ, துன்புறுத்தப்பட்டோ ஒரு பெண் நம் தூதுவராலயத்தின் கதவைத் தட்டும்போது, அவள் சொல்வதைத் தமிழிலேயே கேட்டு, பிழையின்றி எழுதிக்கொள்ளும் ஒருவர் மேசைக்கு அப்பால் இருந்தால் அவள் வழக்கு வேறு விதமாக முடியும். "பெரட்டு" என்றும் "லயம்" என்றும் அவள் சொல்லும் சொற்களுக்கு விளக்கம் கேட்க வேண்டாத உத்தியோகத்தர் ஒருவர் அங்கே இருப்பாராயின் அவள் பாதி ஆறுதல் பெறுவாள். முன்னொரு காலத்தில் விண்ணப்பப் பத்திரம் விளங்காமல் நின்ற மக்களின் பேரப்பிள்ளைகள் இப்பணிக்குத் தகுதியாவது அவர்தம் சொந்த முன்னேற்றம் மாத்திரமன்று; அச்சமூகத்துக்கே பாதுகாப்பு.

மூன்றாவது வழி, ஐக்கிய நாடுகள் ஸ்தாபனமும் அதன் கிளைகளும். இவை தூதுவராலயங்கள் அல்லவாயினும், இராஜதந்திரத் தொழிலோடு நெருங்கிய தொடர்புடையவை. எந்த நாட்டவரையும் ஏற்பவை. ஐக்கிய நாடுகள் செயலகத்தின் பயிற்சித் திட்டத்தில் பட்டப்படிப்பின் இறுதி ஆண்டினரும், உயர் பட்டப்படிப்பினரும், பட்டம் பெற்று ஓராண்டு கடவாதோரும் சேரலாம். ஆனால் அதற்கு வேதனம் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் தன் பயிற்சியாளருக்கு உதவித்தொகை அளிக்கின்றது. தொழிலாளர் பிரச்சினைகளைப் பிறப்பிலேயே அறிந்த தோட்டப் பிள்ளைகளுக்கு அந்த ஸ்தாபனம் மிகவும் பொருந்தும். மேலும், ஐக்கிய நாடுகள் தொண்டர் திட்டத்தின்கீழ் இணையத்தின் மூலமே தொண்டாற்றும் ஏற்பாடு ஒன்றுண்டு. 18 வயது நிறைந்த எவரும் மொழிபெயர்ப்பு, கட்டுரை எழுதுதல், ஆராய்ச்சிக் குறிப்பெடுத்தல் முதலியவற்றைத் தம் இருப்பிடத்திலிருந்தே செய்யலாம். மஸ்கெலியாவிலோ இராகலையிலோ இருந்துகொண்டு சர்வதேசப் பணி அநுபவம் ஒன்றைப் பெற இஃது எளிய வழி.

வேதனம் இல்லாத பயிற்சி என்பதைச் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். 2021ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாயிற்று. கொழுந்து குறைந்த மாதத்தில் வேலை நாட்களும் குறையும். இத்தகைய வருமானத்தில் வாழும் குடும்பம், கொழும்பில் தங்குமிடமும் உணவும் போக்குவரத்தும் செலுத்தி, மூன்று மாதம் ஒரு பிள்ளையைச் சம்பளமின்றி வேலை பழக அனுப்புவது எளிதன்று. "அநுபவம் உண்டா?" என்று தொழில் தருவோர் கேட்கும் கேள்வி, வசதி படைத்தவருக்கும் இல்லாதவருக்கும் ஒன்றுபோல் தோன்றினாலும் ஒன்றன்று. ஆகவே தோட்டத்து இளைஞர், வீட்டுக்குச் சுமையாகாத வகையில் அநுபவத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்கும் வழியையே முதலில் நாடுதல் வேண்டும்.

அதற்கு ஒரு கணக்கைக் காட்டுவோம். பிரித்தானிய அரசாங்கம் 1983ஆம் ஆண்டு தொடங்கி வழங்கிவரும் செவனிங் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிப்போர் 2,800 மணித்தியாலத் தொழில் அநுபவம் காட்டுதல் வேண்டும். வாரத்துக்கு 35 மணித்தியாலம் வீதம், ஆண்டுக்கு 40 வாரம், இரண்டு ஆண்டு என்பது அதன் கணக்கு. இந்த அநுபவம் ஒரே இடத்தில் பெற்றதாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. சம்பளம் பெற்ற வேலை, பகுதிநேர வேலை, தொண்டு, பயிற்சி யாவும் சேரும். பாடசாலையில் ஆசிரியராகவோ, கூட்டுறவுச் சங்கத்திலோ, தொழிற்சங்கக் கந்தோரிலோ பணிபுரியும் ஒருவர் அந்த மணித்தியாலங்களை ஏற்கெனவே சேர்த்துக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமைதோறும் 7 மணித்தியாலம் தொண்டு செய்பவர் ஆண்டுக்கு 50 வாரத்தில் 350 மணித்தியாலம் சேர்ப்பார். அது தனியே போதாது. வேலையோடு சேரும்போது பயன் தரும். ஆகவே செய்த வேலையின் திகதி, நேரம், தன்மை, மேற்பார்த்தவர் பெயர் ஆகியவற்றை ஒரு கொப்பியில் குறித்து வைப்பதும், ஒவ்வோரிடத்திலும் விடைபெறும்போது அத்தாட்சிக் கடிதம் வாங்கிக்கொள்வதும் அவசியம். பலர் வேலையைச் செய்துவிட்டுக் கடிதம் வாங்க மறந்துவிடுகின்றனர்.

எந்த வேலை தூதுவராலயப் பணிக்கு ஒத்த பயிற்சியாகும்? கொன்சியூலர் பிரிவின் அன்றாட வேலை, கலக்கத்தோடு வரும் ஒருவரின் கதையைப் பொறுமையாகக் கேட்டு, அதனை உரிய பத்திரத்தில் உரிய இடத்தில் எழுதுவதே. தோட்டங்களில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, சேமலாப நிதி ஆகியவற்றுக்காக மக்கள் படும் பாட்டை அறிவோம். வார இறுதியில் வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ அமர்ந்து, அத்தகையோருக்குப் பத்திரம் நிரப்பிக் கொடுக்கும் இளைஞன் கொன்சியூலர் உத்தியோகத்தர் செய்யும் வேலையையே செய்கின்றான். இத்தனை மாதத்தில் இத்தனை விண்ணப்பங்கள், அவற்றுள் இத்தனை நிறைவேறின என்று அவனால் கணக்குக் காட்ட முடியுமாயின், நேர்முகப் பரீட்சையில் அதைவிடச் சிறந்த மறுமொழி இல்லை.

செய்திப் பிரிவின் வேலையையும் வீட்டிலிருந்தே பழகலாம். தூதுவராலயங்களில் நாள்தோறும் காலையில் உள்நாட்டுப் பத்திரிகைகளை வாசித்து, முக்கிய செய்திகளைச் சுருக்கமாக ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கும் உத்தியோகத்தர் உண்டு. ஒரு தமிழ்ப் பத்திரிகையையும் ஒரு சிங்களப் பத்திரிகையையும் வாசித்து, ஒரே செய்தியை இரண்டும் எவ்வாறு கூறுகின்றன என்று ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதிப் பழகுவோர், ஆறு மாதத்தில் தம் நடையில் ஏற்படும் மாற்றத்தைத் தாமே காண்பர். தமிழும் சிங்களமும் வீதியிலேயே கற்றுக்கொள்ளும் வாய்ப்பு மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு உண்டு. அதனோடு ஆங்கிலத்தையும் சேர்த்துக்கொண்டால், கொழும்பிற் பிறந்த பலரிடம் இல்லாத முதலீடு அவர்களிடம் இருக்கும்.

உதவித்தொகைகளையும் குறிப்பிடுதல் வேண்டும். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக 1947ஆம் ஆண்டில் தோன்றிய இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம், இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் ஆதரவில் உயர்தர வகுப்பு மாணவருக்கும் பல்கலைக்கழக மாணவருக்கும் உதவி அளித்து வந்துள்ளது. இந்திய கலாசார உறவுகள் சபையின் புலமைப்பரிசில்கள் இந்தியப் பல்கலைக்கழகங்களில் பயில வழிசெய்கின்றன. 1964ஆம் ஆண்டில், ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் எழுந்த அதே ஆண்டில், தொடங்கப்பட்ட இந்தியத் தொழில்நுட்பப் பொருளாதார ஒத்துழைப்புத் திட்டம், தொழில் புரிவோருக்கு இந்தியாவிற் குறுகியகாலப் பயிற்சி அளிக்கின்றது. அமெரிக்காவில் உயர்கல்வி பயில விரும்புவோருக்கு 1952ஆம் ஆண்டு முதல் கொழும்பில் இயங்கும் புல்பிரைட் ஆணைக்குழு உதவுகின்றது. இவற்றின் விண்ணப்பங்கள் அவ்வந் நாட்டுத் தூதுவராலயத்தினூடாகவோ அதன் அறிவித்தல்களின் வழியாகவோ வருவதால், அங்குள்ளோரின் வேலைமுறையை அறிந்துகொள்ளவும் அவை வாய்ப்பாகின்றன.

அடுத்து, பத்திரங்களின் சீர்மை. முற்காலத்தில் தோட்டத்துப் பிறப்புகள் தோட்டக் கந்தோரின் மூலமே பதிவாகின. பெயர்கள் கேட்டவாறு எழுதப்பட்டன. இதனால் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயரும், பாடசாலைப் பதிவில் வேறொரு பெயரும், தந்தையின் அடையாள அட்டையில் மூன்றாவது ஒரு பெயரும் காணப்படுவதுண்டு. சாதாரண வேலைக்கு இது பெருந் தடையாகாமற் போகலாம். தூதுவராலயங்களோ வேலைக்குச் சேர்ப்பதற்கு முன் பின்னணியை நுணுகி ஆராய்பவை. பரீட்சை எழுதி, தெரிவு செய்யப்பட்ட பின்னர், ஓர் எழுத்துக்காக ஆறு மாதம் காத்திருக்க நேர்வது கொடுமை. ஆதலால் 15 வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதே பெயர்களை ஒப்புநோக்கி, வேறுபாடு இருந்தால் பிரதேச செயலகத்திலுள்ள பதிவாளர் மூலம் திருத்திக்கொள்வது பெற்றோர் கடமை.

விண்ணப்பக் கடிதம் எழுதும் முறைபற்றி ஒரு சொல். "எந்த வேலையானாலும் செய்யச் சித்தமாயிருக்கிறேன்" என்று எழுதுவது பணிவெனப் பலர் கருதுகின்றனர். பெறுவோருக்கு அது பயனற்றது. எந்தப் பிரிவில், எவ்வளவு காலம், எந்த வேலையைச் செய்ய இயலும் என்பதை ஒரு பக்கத்துக்குள் குறிப்பிடுதல் வேண்டும். முகவரியை மறைக்க முயலுதல் தகாது. தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் எழுதினால் தாழ்வு நேருமோ என்று அஞ்சி, நகரத்து உறவினர் முகவரியை இடுவோர் உண்டு. தோட்டத்துப் பிறப்பு மறைக்கத்தக்க குறையன்று. அபிவிருத்தித் திட்டங்களை மலைநாட்டில் நடத்தும் நாடுகளுக்கு அத்தகைய அறிவுடையோரே தேவை. இந்திய உதவியோடு தோட்டங்களில் எழுந்த வீடுகளும், 2017ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட டிக்கோயா வைத்தியசாலைக் கட்டடமும் இதற்குச் சான்று. அத்திட்டங்களைக் குறித்து மக்கள் எண்ணுவது யாதென அறிந்து கூற, லயத்தில் வாழ்ந்தவரினும் தகுதியானவர் யார்?

எச்சரிக்கையும் ஒன்று கூறுதல் வேண்டும். "தூதுவராலயத்தில் வேலை எடுத்துத் தருகிறேன், முன்பணம் கொடு" என்று கேட்பவர் எவராயினும் அவர் ஏமாற்றுக்காரரே. வேலைக்கு விண்ணப்பிக்கத் தூதுவராலயங்கள் பணம் கேட்பதில்லை. தரகரை நியமிப்பதும் இல்லை. நகையை அடகு வைத்தும், சேமலாப நிதியை எடுத்தும் இத்தகையோரிடம் பணம் கொடுத்து இழந்த குடும்பங்கள் உண்டு. சந்தேகம் ஏற்படின் சம்பந்தப்பட்ட தூதுவராலயத்துக்கே எழுதிக் கேட்டுக்கொள்ளலாம். வெளிநாட்டு வேலை என்று கூறப்படுமாயின் வேலைவாய்ப்புப் பணியகத்திலும் விசாரிக்கலாம்.

இறுதியாக, பயிற்சிக்குச் சென்ற இடத்தில் நடந்துகொள்ள வேண்டிய முறை. தூதுவராலயத்தில் கேட்டதும் கண்டதும் வெளியே பேசத்தக்கவை அல்ல. யாருக்கு விசா மறுக்கப்பட்டது, யார் உதவி கேட்டு வந்தார் என்பன ஊருக்கு வந்து சொல்லும் கதைகளாகிவிடக் கூடாது. உறவினரும் ஊரவரும், "எங்கள் காரியத்தைச் சற்றுக் கவனி" என்று கேட்கத்தான் செய்வர். முறையான வழியைச் சொல்லி, பத்திரத்தைத் திருத்தமாக எழுத உதவுவதோடு நின்றுவிடுதல் வேண்டும். அதற்கு மேற் செய்ய முயல்பவர் தம் இடத்தையும் இழந்து, தம்மைப்போல் பின்னால் வரும் மலைநாட்டுப் பிள்ளைகளின் இடத்தையும் கெடுப்பர். வள்ளுவர் தூதுவனுக்கு அன்பையும் அறிவையும் தேர்ந்து பேசும் ஆற்றலையும் வேண்டினார். தேர்ந்து பேசுதல் என்பதில் பேசாதிருக்க வேண்டியதை அறிதலும் அடங்கும்.

நேயர்களே, உயர்தர வகுப்பில் பயிலும் மகனோ மகளோ உங்கள் வீட்டில் இருப்பாராயின், வர்த்தமானி அறிவித்தல்களை வாசிக்கும் பழக்கத்தை இன்றே ஏற்படுத்துங்கள். ஆசிரியர்கள் தம் பாடசாலை அறிவித்தற் பலகையில் இவ்வகை விளம்பரங்களை ஒட்டி வைக்கலாம். தோட்ட வாசிகசாலைகளும் இளைஞர் சங்கங்களும் விண்ணப்பம் நிரப்ப உதவும் வகுப்பொன்றை மாதத்துக்கு ஒருமுறை நடத்தலாம். முதற் பிள்ளை ஒருவர் சென்று வந்தால், அடுத்தவருக்கு வழி சொல்ல ஊரிலேயே ஒருவர் இருப்பார்.